பின்னால் மட்டும் அகல டயர் போட்டவர்களே, உங்களுக்கு எங்கே உரசியது?

கோவை118
என் பிரீமியர் 118 என்.இ.க்குப் பின்னால் மட்டும் 6 இஞ்ச் வீல், 185/60 ஆர்14 டயர் போட்டேன். பிசிடி, அதாவது போல்ட் துளைகள் நிற்கும் வட்டம், 4×98 (நாலு துளை, 98 மில்லி விட்டம்), அதில் வம்பில்லை. பழைய 155 ஆர்13 டயரின் விட்டமும் இதன் விட்டமும் ஏறக்குறைய 578 மில்லிமீட்டர்தான், அதனால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. அவிநாசி ரோட்டில் சத்தமே இல்லை. குன்னூர் ஏறும்போதுதான் பிரச்சினை. வலப்பக்கம் ஒடிக்கும் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் இடது பின்சக்கரத்தில் ‘ஸ்ர்ர்ர்’ என்று பலகை இழைப்பது போல ஒரு சத்தம், அப்புறம் ரப்பர் கருகும் வாடை. பின்சீட்டில் இருந்த மாமியார் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மேலே போய் நிறுத்திப் பார்த்தால் டயரின் வெளித்தோளில் சுற்றிலும் நூல் பிடித்தது போல ஒரே கோடு, மட்கார்டு விளிம்பில் பெயின்ட் போய்த் தகரம் பளபளக்கிறது. வலது பக்கம் மட்டும் சுத்தம், ஒரு கீறல் இல்லை. அதுதான் புரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வீல், ஒரே டயர், இறங்கும்போது இடப்பக்கமும்தான் ஒடித்தேன். டிங்கர் விளிம்பை உள்ளே மடித்துக் கொடுத்தார், கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மெக்கானிக் ஆக்ஸில் வளைந்திருக்கும் என்கிறார். (முந்தைய ஓனர் பின் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டி வண்டியை இறக்கி வைத்திருக்கிறார், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.)

மார்க்4_ரவி
உரசினால் பரவாயில்லை தம்பி, வண்டி நகர்கிறதே. என் அம்பாசடருக்குப் பின்னால் அகல டயர் போட்டு ஊரெல்லாம் பெருமையாகச் சுற்றினேன். விக்கிரவாண்டி தாண்டி ராத்திரி பஞ்சர். காற்று போன டயர் சமர்த்தாக வெளியே வந்துவிட்டது. ஸ்டெப்னி உள்ளே போகவில்லை! அம்பாசடரில் பின் மட்கார்டு டயரின் மேல்பகுதியை மூடி இறங்கியிருக்கும், காற்றடித்த அகல டயரைச் சாய்த்தாலும் நிமிர்த்தினாலும் வாய் கொள்ளவில்லை. ஜாக்கியை ஆக்ஸிலிலிருந்து எடுத்து பாடிக்குக் கொடுத்து ஆக்ஸிலைத் தொங்கவிட்டும் பார்த்தோம், விரல் அகலம் போதவில்லை. கடைசியில் நல்ல ஸ்டெப்னியின் வால்வைப் பிடுங்கி மொத்தக் காற்றையும் இறக்கி, சப்பையாக்கி உள்ளே தள்ளி, போல்ட் முறுக்கி, கால் பம்பு போட்டு மிதித்தோம். மச்சான் மிதிக்க நான் எண்ண, நான் மிதிக்க அவன் எண்ண. பக்கத்தில் டீக்கடை போட்டிருந்தவர், நல்ல டயரில் ஏன் சார் காற்றைப் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டார் பாருங்கள், பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது டிக்கியில் பழைய ஒல்லி வீல்தான் ஸ்டெப்னி.

ஹெரால்டுக்காரன்
கோவை118, ஆக்ஸில் வளைவு என்று சொன்ன மெக்கானிக்கை விடுங்கள். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டதுதான் விஷயமே. உங்கள் வண்டி ஃபியட் 124 வழி வந்தது. பின்னால் காயில் ஸ்பிரிங், ஆக்ஸில் பக்கவாட்டில் ஓடாமல் பிடித்துக்கொள்ள ஒரு பேன்ஹார்டு ராடு. அதன் ஒரு முனை பாடியில், மறுமுனை ஆக்ஸிலில். பாடி இறங்கினால் அந்த ராடின் முனை நேர்க்கோட்டில் நகராது, வட்டத்தின் வில் போலச் சுழன்று ஆக்ஸிலை ஒரு பக்கமாகத் தள்ளும். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்கிவிட்டால் நிற்கும்போதே ஆக்ஸில் நடுவில் இருக்காது. ஒல்லி டயரில் அது யார் கண்ணிலும் படாது. 155-ஐ 185 ஆக்கினால் பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் போய்விடும், அப்போதுதான் வெளியே தெரியும். அதனால்தான் இடது மட்டும்.

மட்கார்டை மடித்தது அவசரம். சூடு காட்டாமல் மடித்தால் பெயின்ட் நுண்ணியதாக வெடித்து, அடுத்த மழைக்காலத்தில் அங்கேதான் துரு பூக்கும். முதலில் செய்ய வேண்டியது: சமதரையில் வண்டியை நிறுத்தி, மட்கார்டு விளிம்பிலிருந்து தூக்குநூல் விட்டு ரிம் வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசத்தில் பாதிதான் ஆக்ஸில் நகர்ந்த தூரம். ராடின் இரண்டு முனை புஷ்ஷையும் (ரப்பர் வைத்த வளையம்) கடப்பாரை வைத்து நெம்பிப் பாருங்கள், புஷ் போயிருந்தால் திருப்பத்தில் இன்னும் ஆடும். புஷ் நன்றாக இருந்தால் லேத்தில் கொடுத்து ராடை நீளம் மாற்றும்படி மரை போட்டு வாங்குங்கள், வெறும் வெல்டிங் வேண்டாம். இதெல்லாம் முடித்த பிறகு வீல் வாங்கியிருக்க வேண்டும். வாங்கும்போது அகலத்தை மட்டும் கேட்காமல் ஆஃப்செட்டையும் கேளுங்கள் (ஈ.டி. என்று போட்டிருக்கும்; வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மில்லி வெளியே இருக்கிறது என்ற கணக்கு). முன்சக்கர இழுவை வண்டி வீலுக்குப் பொதுவாக ஈ.டி. அதிகம், பிசிடி ஒத்துப்போனாலும் டயர் உள்பக்கமாகப் போய் உட்காரும். அதைச் சரிக்கட்ட ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டால் போல்ட் நீளம் போதாது. கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று மரையில்தான் சக்கரமே நிற்கும்.

என் கதை சின்னது. ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அகல டயர் போட்டு ஈ.சி.ஆரில் ஒரு வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டேன். பின்பக்கம் எழும்பி, சக்கரம் வயிற்றுக்குள் மடங்கியது. அதில் இருப்பது ஸ்விங் ஆக்ஸில் (இரண்டு பக்கமும் தனித்தனியாக, நடுவிலிருந்து கீல் போல மேலும் கீழும் ஆடுவது), டயர் பிடி கூடக்கூட அப்படித்தான் தூக்கும். 1972-ல் அதே கம்பெனியின் கேசல் கார் வந்தபோது அதையே எடுத்துவிட்டார்கள்.

பத்மினிபுருஷன்
பிசிடி ‘வம்பில்லை’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு 4×100 வீலைக் கொடுத்து, ‘ரெண்டு மில்லிதானே சார், ஏறும்’ என்றார் கடைக்காரர். ஏறியது. எழுபதில் ஸ்டியரிங் நடுங்காமல் சீட்டு நடுங்கியது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் கூம்பு முகத்தில் முழுவட்டத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி தேய்ந்திருக்கிறது. முதல் போல்ட் நன்றாக உட்காரும், மற்ற மூன்றும் சாய்ந்து நிற்கும், ஓட ஓடத் தளரும். கூம்பு நகரும் வகை போல்ட் இருக்கிறது, அதைப் போடாமல் இந்த விளையாட்டு வேண்டாம்.

மார்க்4_ரவி
ஹெரால்டு அண்ணே, அகல டயர் போட்டதே தப்பு என்கிற மாதிரி இருக்கிறதே. 1973 போர்ஷே கரேரா ஆர்.எஸ்.ஸில் கம்பெனியே முன்னால் 6, பின்னால் 7 இஞ்ச் வீல் கொடுத்தது.

ஹெரால்டுக்காரன்
கொடுத்தது. கூடவே பின் மட்கார்டையும் அகலமாக்கிக் கொடுத்தது. நீங்கள் காற்றைப் பிடுங்கினீர்கள்.

ஆர்.டி.ஓ.பயம்
எஃப்.சி.யை (வண்டித் தகுதிச் சான்று) பற்றி யாருமே பேசவில்லையே. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, ரின்யூவலுக்குப் போகாமல் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி விவரத்திலிருந்து மாற்றக்கூடாது என்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. நான் போன அன்று இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பரைக்கூடப் பார்க்கவில்லை. மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த டயரின் மேல் செருப்புக்காலை வைத்துக்கொண்டு, ‘இது என்ன?’ என்றார். பழைய வீலை மாட்டிக்கொண்டு மறுபடி போனேன்.

கோவை118
தூக்குநூல் விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் 22, வலது பக்கம் 38 மில்லி. அப்படியானால் 8 மில்லி இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. பாடிப்பக்க புஷ்ஷில் ரப்பரே இல்லை, வெறும் இரும்பு வளையம். மெக்கானிக்கிடம் காட்டினேன், ‘அதைத்தான் நானும் சொன்னேன்’ என்கிறார். புது புஷ் தேடுகிறேன், 124-க்கு வருவதே இதற்குச் சேருமா? ஸ்பிரிங்கையும் பழைய உயரத்துக்கே மாற்றிவிடலாம் என்று இருக்கிறது. மாமியார் பஸ்ஸில் வருகிறேன் என்கிறார்.