புதுப்பிப்பு: பள்ளி லேபின் பழைய கணினிகள்

நிதியில்லாத பள்ளியில் பழைய டெஸ்க்டாப்களை எப்படி ஓட்டுவது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி 120 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பு வட்டு) போடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. 4 ஜிபி ரேமை அப்படியே விட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச, இலகுவான இயங்குதளத்தை ஏற்றினோம். முன்பெல்லாம் விண்டோஸ் திறப்பதற்குள் பாதி பீரியட் போய்விடும். இப்போது பிள்ளைகள் உட்காருவதற்குள் திரை தயார். தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருள் போதும். மிகப் பழைய 32 பிட் பிராசஸர்களில் மின்ட் 20-உம் அதற்குப் பிந்தையவையும் ஏறாது; அவற்றுக்கு டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸ்.

எதிர்பாராதது: காலையில் மெயினைப் போட்டால் சில கணினிகள் 'எஃப்1 அழுத்து' என்று கறுப்புத் திரையில் நின்றன. எஸ்எஸ்டி மேல் சந்தேகப்பட்டோம், பாவம். மதர்போர்டின் சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி தீர்ந்து, பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் அழிந்திருந்தன. வாட்ச் கடையிலேயே கிடைக்கிறது. மாற்றியபின் தேதியையும் பூட் வரிசையையும் (எந்த வட்டிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்பது) ஒருமுறை சரிசெய்தால் போதும்.