காசு கொடுத்து வாங்கிய எம்பிராய்டரி டிசைனை மற்றவருக்குத் தைக்கக் கொடுக்கலாமா?

கேள்வி (கல்முனையிலிருந்து)

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். வீட்டில் ஒற்றை ஊசி எம்பிராய்டரி மெஷின் வைத்து அபாயாக்களுக்குப் பூவேலை செய்து கொடுக்கிறேன். வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில் வாங்கிய ரோஜாக்கொடி டிசைனைக் கைவிளிம்பில் தைத்திருந்ததைப் பார்த்த காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவர், அதே வேலையில் 60 அபாயாக்கள் கேட்கிறார். மெஷின் படித்துத் தைக்கும் டிசைன் கோப்பைப் பென் டிரைவில் கொடுத்தால் வேறு இருவரிடமும் பிரித்துத் தைப்பிக்கலாம் என்கிறார். என்னிடம் இருப்பது பிஇஎஸ் என்ற வகைக் கோப்பு; அவர்களுக்கு டிஎஸ்டி என்ற வகை வேண்டுமாம். மாற்றிக் கொடுத்தால் அது வேறு கோப்பு ஆகிவிடுமா? அடுத்தவர் உழைப்பைக் கைமாற்றுகிறேனோ என்று மனம் உறுத்துகிறது.

மறுமொழி (மருதமுனையிலிருந்து)

வஅலைக்கும் ஸலாம், சகோதரி. உங்கள் உறுத்தல் நியாயமானது. நீங்கள் காசு கொடுத்தது அந்த டிசைனைப் பயன்படுத்தும் அனுமதிக்குத்தான். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது டிசைனோடு வந்த உரிம விதிகளில் இருக்கும். தைத்து முடித்த துணியை விற்கப் பலர் இடம் கொடுக்கிறார்கள், சிலர் எண்ணிக்கைக்கு எல்லை வைக்கிறார்கள், சிலர் சொந்தப் பாவனைக்கு மட்டும் என்கிறார்கள். ஆனால் கோப்பைப் பிறருக்குக் கொடுப்பதை ஏறக்குறைய எல்லோருமே தடுக்கிறார்கள். டிஎஸ்டியாக மாற்றும்போது நூல் நிற விபரம் விடுபடுமே தவிர, ஊசி இறங்கும் இடங்கள் அப்படியே இருக்கும். ஆகவே அது அதே டிசைன்தான்.

நான் கைத்தறிச் சால்வை ஒன்றுக்கு மயிலொன்றை வரைந்து டிஜிட்டைஸ் செய்தபோது, அதாவது படத்தை மெஷின் தைக்கும் கோப்பாக மாற்றியபோது, நெசவு ஐதாக இருந்ததால் கழுத்துப் பகுதி சுருங்கி, வெளிக்கோடு விலகி நின்றது. மேல் தையலுக்கு முன் துணியைப் பிடித்து நிறுத்தும் அடித்தையலைக் கூட்டி, பளபளப்பாக நெருங்கி நிற்கும் சாட்டின் தையலின் நெருக்கத்தைக் குறைத்து, நான்காவது துணியில்தான் சரிவந்தது. வீணான மூன்று துணிகளின் பாடமும் அந்தச் சிறு கோப்புக்குள் இருக்கிறது என்பதால்தான், அதை யாரும் பென் டிரைவில் கொண்டுபோனால் எனக்கு வலிக்கிறது.

மறுமொழி (மட்டக்களப்பிலிருந்து)

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவானதுமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பேர்ன் உடன்படிக்கையில் இலங்கையும் இருப்பதால், அதில் சேர்ந்த பிற நாட்டவரின் படைப்புகளுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. பொதுவாக அது படைத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். பயன்பாட்டுப் பொருளில் அமைந்த கலைப்படைப்பு என்று கொள்ளப்பட்டால் உருவாக்கிய நாளிலிருந்து 25 ஆண்டுகள். எப்படிக் கணக்கிட்டாலும், புதிதாக வந்த டிசைனுக்கு உரிமை முடிந்திருக்காது.

சொந்தமாக வரைகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லடிப் பாலத்தை நேரில் பார்த்து வரைந்தால் படம் உங்களுடையது; வேறொருவர் எடுத்த நிழற்படத்தின் மேல் கோடு இழுத்து டிஜிட்டைஸ் செய்தால், அந்த நிழற்படக்காரரின் அனுமதி வேண்டும்.

கேள்வி கேட்டவர்

உரிம விதிகளைத் தேடி வாசித்தேன். தைத்த பொருளை விற்கலாம், ஆனால் 50க்கு மேல் என்றால் தனி அனுமதி பெற வேண்டும், கோப்பைப் பகிரக் கூடாது என்று இருக்கிறது. இன்னொரு விடயம்: பிள்ளைகளின் புத்தகப் பைகளில் கார்ட்டூன் உருவங்களைத் தைத்துத் தரச் சொல்லி அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கோப்புகளும் விற்பனைக்கு இருக்கின்றனவே?

மறுமொழி (மருதமுனையிலிருந்து)

அந்த உருவத்தின் சொந்தக்காரரிடம் அனுமதி பெறாதவர் விற்கும் கோப்பை எத்தனை ரூபாய் கொடுத்து வாங்கினாலும், அவரிடம் இல்லாத உரிமை உங்களுக்கு வராது. அவற்றில் பல வியாபாரக் குறிகளாகவும் பதிவாகியிருக்கும். பைகளுக்குப் பிள்ளையின் பெயரை நல்ல எழுத்தில் தைத்துக் கொடுங்கள். பெற்றோர் விரும்பித்தான் வாங்குகிறார்கள்.

60 அபாயாக்களுக்கு, டிசைனருக்கு எண்ணிக்கையைச் சொல்லி மின்னஞ்சல் எழுதி, தைக்கப்போகும் மற்ற இருவரும் தமக்கெனத் தனிப் பிரதி வாங்கினால் போதுமா என்றும் அதிலேயே கேளுங்கள். பதில் வரும்வரை கடைக்காரரிடம் முற்பணம் வாங்க வேண்டாம். வந்த பதிலை ரசீதோடு சேர்த்து வையுங்கள்.