8 இஞ்ச் சப்வூஃபர், சின்னப் பெட்டி: பேஸை இன்னும் கீழே இறக்க வழி உண்டா?

மூன்றாம்மாடி:
வணக்கம். என்னிடம் இருப்பது 8 இஞ்ச் சப் (பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்), 20 லிட்டர் மூடிய பெட்டி, 100 வாட்ஸ் ஆம்ப். ஹால் 12-க்கு 10 அடி. கிக் டிரம் நன்றாகவே உதைக்கிறது. படத்தில் இடி, வெடி வந்தால்தான் சத்தம் மட்டும் இருக்கிறது, அதிர்வு இல்லை. போனில் டோன் ஜெனரேட்டர் போட்டால் 50 ஹெர்ட்ஸ் வரை சரி (எண் குறையக் குறைய பேஸ் ஆழம்), 40-க்குக் கீழே ஒன்றுமே இல்லை. பெரிய சப் வைக்க இடமும் இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை. பெட்டியில் ஓட்டை போட்டு பிவிசி குழாய் வைக்கச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

சால்டர்ராஜா:
வேண்டாம். 20 லிட்டர் பெட்டியில் குழாய் 30 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்படி டியூன் செய்ய 3 இஞ்ச் குழாய் என்றால் 68 செ.மீ. நீளம் வேண்டும். உங்கள் பெட்டி சதுரமாக இருந்தால் உள்பக்கமே 27 செ.மீ.தான். 2 இஞ்ச் குழாய் 29 செ.மீ.யில் முடியும், எல்போ போட்டு மடக்கலாம். ஆனால் வால்யூம் கூட்டினால் குழாய் வாயில் புஸ் புஸ் என்று காற்று ஊதும். அப்புறம், டியூன் செய்த ஹெர்ட்ஸுக்குக் கீழே கோனை, அதாவது ஸ்பீக்கரின் ஆடும் கூம்பை, பிடித்து நிறுத்த ஆளில்லை, கன்னாபின்னாவென்று ஆடும். மூடிய பெட்டியில் பேஸ் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு தடவையும்) 12 டெசிபல் வீதம் இறங்குகிறது, குழாய்ப் பெட்டியில் 24. மூடிய பெட்டியை ஈக்யூவால் (வேண்டிய ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) தூக்கி நிறுத்தலாம். மூடிய பெட்டிக்கான ஈக்யூ முறைக்கு லிங்க்விட்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்று தேடுங்கள், ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் ஒரு டிஎஸ்பி போர்டு போதும்.

பழையடெக்:
தூக்கி நிறுத்தக் கரண்ட் யார் கொடுப்பது ராஜா? 50 ஹெர்ட்ஸில் 10 வாட்ஸில் வருகிற சத்தம் 25-லும் வர 160 வாட்ஸ் கேட்கும். கோன் நாலு மடங்கு தூரம் ஓட வேண்டும். ஹாஃப்மன் விதி தெரியும்தானே (கே.எல்.எச். ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் உள்ள எச் அவர்தான்): சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் நிறைய சத்தம், மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஈக்யூவை ஏற்றிவிட்டு என் பெஞ்சுக்கு வருகிற டிரைவர்களை (பெட்டிக்குள் மாட்டிய ஸ்பீக்கர்களை) பார்த்திருக்கிறேன். கோனை இரண்டு கையாலும் மெல்ல அழுத்தினால் உள்ளே கரகரவென்று உரசும், காயில் (கம்பிச்சுருள்) கருகிய வாசனை மூக்கில் ஏறும்.

சால்டர்ராஜா:
ஐயா, இரண்டு கிடைக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவருக்குச் சின்னப் பெட்டியும் ஆழமும் வேண்டும், வாட்ஸை விட்டுக்கொடுக்கிறார். 1954-இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் செய்ததும் இதே பேரம்தான். அபார்ட்மெண்டில் முழு வால்யூம் யார் வைக்கிறார்கள்? 1 வாட்டில் கேட்பவருக்கு 16 வாட்ஸ் பெரிய விஷயமா?

பழையடெக்:
ஏஆர்-1-இல் இருந்தது 12 இஞ்ச் டிரைவர், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா! மெதுவாக வைத்தால் போதும் என்பதைக் காது ஒத்துக்கொள்ளாது. 30 ஹெர்ட்ஸ் 60 டெசிபலைத் தொட்டால்தான் காதில் விழவே ஆரம்பிக்கும். வால்யூமைக் குறைத்தால் முதலில் காணாமல் போவதே அவர் தேடுகிற அதிர்வுதான்.

சால்டர்ராஜா:
60 தானே? தரையில் வைத்த 8 இஞ்ச் கோன் முன்னே 6 மி.மீ., பின்னே 6 மி.மீ. ஓடினால் 30 ஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 90 டெசிபல் வரும். கைவசம் 30 டெசிபல் இருக்கிறது. தியேட்டர் ஆகாது, இடி இடியாகக் கேட்கும்.

கயல்வீணை:
பெட்டி எங்கே இருக்கிறது, அவர் எங்கே உட்காருகிறார் என்று இரண்டு பேருமே கேட்கவில்லையே! 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் என்று அறைக்குள் அலை தேங்கி நிற்கும். ஹாலின் நட்டநடுவில் இரண்டுமே அமுங்கிவிடும், சுவரோரம் பெருகும். நீங்கள் உட்காருகிற இடத்தில் சப்பைத் தூக்கி வைத்து, பேஸ் ஓடுகிற பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள் (வீட்டில் ஆள் இல்லாத நேரம் நல்லது). எல்லா பேஸ் சுரமும் ஒரே அளவாகக் கேட்கும் இடம்தான் சப்புக்கு. மூலை என்றால், நடுத்தரையைவிட 12 டெசிபல் வரை கூடும் என்பது கணக்கு. ஒரு வாட்ஸ் கூடச் செலவில்லை.

பழையடெக்:
இது பேச்சு. ஆனால் மூலையில் 47 ஹெர்ட்ஸ் கும்மென்று வீங்கும். ஈக்யூவை அதை வெட்டப் பயன்படுத்துங்கள், தூக்க வேண்டாம்.

சால்டர்ராஜா:
வெட்டிவிட்டு, 30 பக்கம் 6 டெசிபல் மட்டும் தூக்குவோம். நாலு மடங்கு வாட்ஸ்தான், 100 வாட்ஸ் ஆம்ப் தாங்கும். 25-க்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் கட்டாயம்.

மூன்றாம்மாடி:
சோபா நட்டநடுவில்தான் இருந்தது. அதைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளி, சப்பை மூலைக்கு மாற்றினேன். இப்போது 35 வரை காதில் விழுகிறது, 47-இல் பீரோ கதவு டகடகவென்று அடிக்கிறது. டிஎஸ்பி போர்டு ஆம்புக்கு முன்னால்தானே வர வேண்டும்?

பழையடெக்:
முன்னால்தான். ஆறு டெசிபலுக்கு மேல் ஏற்றாதீர்கள், ராஜா சொன்னாலும் சரி. பீரோ கதவில் முதலில் ஃபெல்ட் ஒட்டுங்கள் தம்பி. அந்தச் சத்தத்தைக் கேட்டு டிரைவர் கிழிந்துவிட்டது என்று கழற்றிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.