ஃப்ரீ டிஷ் சிக்னல் வரல, அவசரம், உதவுங்க

புதுவீடு_சித்தூர்:
சித்தூர்ல புது வீட்டுக்குக் குடி வந்திருக்கோம்ங்க. தூர்தர்ஷனோட இலவச டிடி ஃப்ரீ டிஷ் மாட்டியாச்சு. டிவில 'சிக்னல் இல்லை'ன்னு மட்டும் வருது. சாயந்தரம் சொந்தக்காரங்க வர்றாங்க. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

ஆழியாறு:
கிழக்குப் பக்கம் தென்னை இருக்குங்களா? ஓலை மறைச்சா போச்சு. எங்க தோட்டத்து வீட்டுல அதேதான். மட்டையை வெட்டினதும் படம் வந்துருச்சு.

மொட்டைமாடி:
'சிக்னல் இல்லை'ங்கறது ஒரு தகவலே கிடையாது. பாக்ஸ் மெனுவுல ஸ்ட்ரெங்த்னு ஒரு கோடு, குவாலிட்டினு ஒரு கோடு இருக்கும். எது எவ்வளவு? பாக்ஸ் பழைய எம்பெக்-2 வகையா, புது எம்பெக்-4 வகையா? எல்என்பி, அதான் டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிட்டு சிக்னல் வாங்கற கருவி, அது எந்த வகை? இதெல்லாம் எழுதாம உதவி கேக்கறவங்களுக்கு நான் பதில் போடறதை எப்பவோ நிறுத்திட்டேன். ஆனாலும் சொல்றேன்: மெனுவுல எல்என்பி அலைவரிசை 10600-னு மட்டும் இருந்தா, அதை யுனிவர்சல் 9750/10600-னு மாத்துங்க. நிறைய பேருக்கு அதான் கோளாறு.

பாலாற்றங்கரை:
சித்தூரா? நம்ம ஊர்ப் பக்கம்தான் தம்பி, நான் குடியாத்தம். ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15 செயற்கைக்கோள்ல இருந்து, அது நிக்கறது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில. நம்ம பக்கத்துக்கு வடக்குல இருந்து வலப்பக்கமா 131, 132 டிகிரி திரும்பணும். அதாவது ஏறக்குறைய தென்கிழக்கு. ஃபோன் காம்பஸ் வச்சுத் திருப்பிப் பாருப்பா. தண்ணித் தொட்டி இரும்பு ஸ்டாண்ட் பக்கத்துல வச்சுப் பாக்காத, முள் பொய் சொல்லும்.

புதுவீடு_சித்தூர்:
9750 மாத்தியாச்சு, ஒண்ணும் ஆகல. ஸ்ட்ரெங்த், குவாலிட்டி ரெண்டும் பூஜ்யம். பாக்ஸ் புதுசு, எம்பெக்-4. பெரியவர் சொன்ன மாதிரி டிஷ்ஷையும் திருப்பி வச்சுட்டேன், வரல. கொழிஞ்சாம்பாறை ரோட்டுல வீடு, பக்கத்துல தென்னை எதுவும் இல்லீங்க.

பாலாற்றங்கரை:
கொழிஞ்சாம்பாறையா? அட, பாலக்காட்டுச் சித்தூரா! நான் ஆந்திரா சித்தூர்னு நினைச்சுச் சொன்னேனேப்பா.

மொட்டைமாடி:
அங்கே 122 டிகிரி வரணும். பத்து டிகிரி தள்ளிப் போனா அது வேற செயற்கைக்கோளைக்கூடப் பாக்காது, வெறும் வானத்தைத்தான் பாக்கும். எந்த மாநிலம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா இந்த வேலையே இல்லை. அப்புறம் ஆழியாறு ஐயாவுக்கு: அந்த ஊர்ல இருந்து ஜிசாட்-15 சுமார் 67 டிகிரி உயரத்துல இருக்கு. தென்னை டிஷ்ஷுக்குப் பக்கத்துலயே நின்னாத்தான் மறைக்கும்.

ஆழியாறு:
எங்க டிஷ் பாத்தா 67 டிகிரி மாதிரி இல்லீங்களே, பாதிதான் மேல பாத்துச் சாஞ்சிருக்கு.

மொட்டைமாடி:
ஆஃப்செட் டிஷ். எல்என்பி கீழே தள்ளி இருக்கறதால, டிஷ்ஷோட முகம் காட்டற திசைக்கு இருபது டிகிரிக்கு மேலே இருந்துதான் சிக்னல் எடுக்கும். இதையெல்லாம் முன்னாடியே எழுதியிருக்கேன், யாரும் படிக்கறதில்லை.

கம்பி_ஆன்டெனா:
இவ்வளவு தொல்லை எதுக்குங்க? மாடியில பழைய கம்பி ஆன்டெனாவை கொடைக்கானல் டிவி டவரைப் பாத்து நிறுத்துங்க. எங்க அப்பா காலத்துல கண்ணாடி மாதிரி படம்.

மொட்டைமாடி:
அந்த அனலாக் டிரான்ஸ்மிட்டருங்களை 2022-க்குள்ள ஏறக்குறைய எல்லாத்தையும் மூடியாச்சு.

கம்பி_ஆன்டெனா:
மூடினது தப்புங்கறேன். மழை வந்தா உங்க டிஷ்ல படம் கட்டம் கட்டமா உடையுதே, கம்பில அப்படி உடைஞ்சுதா?

ஆழியாறு:
உடையல, புள்ளி புள்ளியா மழையே பெஞ்சுச்சு.

ஒலியும்_ஒளியும்:
ஃப்ரீ டிஷ்ல சன் டிவியே கிடையாது. அதுக்கு ஏன் இந்தப் பாடு? மாசம் கொஞ்சம் காசு கட்டி கேபிள் வாங்கிக்கலாமே.

கம்பி_ஆன்டெனா:
எங்களுக்குப் பொதிகை போதும்.

ஒலியும்_ஒளியும்:
பொதிகை இப்ப இல்லீங்க. 2024 ஜனவரியில இருந்து அது டிடி தமிழ்.

கம்பி_ஆன்டெனா:
நான் பொதிகைன்னுதான் சொல்லுவேன்.

வேலந்தாவளம்_டிஷ்:
ஏனுங்க சித்தூர்க்காரரே, டிஷ் மாட்டினவர் போறதுக்கு முன்னாடி உங்களுக்குப் படம் காட்டினாருங்களா?

புதுவீடு_சித்தூர்:
காட்டினாருங்க. மாடியிலயே அவர் கொண்டாந்த சின்ன டிவில நேரா வயரைச் சொருகி. பளிச்சுனு வந்துச்சு. கீழே ஹால்லதான் வரல.

வேலந்தாவளம்_டிஷ்:
அப்ப டிஷ்ஷைத் தொட்டிருக்கவே வேண்டாமுங்க. ஹாலுக்கு வயர் சுவத்துக்குள்ள போகுதுங்களா? நடுவுல எங்கயாச்சும் பிரியுதா?

புதுவீடு_சித்தூர்:
ஆமாங்க, வீடு கட்டும்போதே வயரிங்க்காரர் விட்டது. மாடிப்படிக்குக் கீழ ஒரு தகர டப்பா, ஒண்ணு உள்ள, மூணு வெளிய.

வேலந்தாவளம்_டிஷ்:
அதானுங்க. அது கேபிள் டிவி ஸ்பிளிட்டர். மேல 5-1000 மெகாஹெர்ட்ஸ்னு அச்சடிச்சிருக்கும் பாருங்க. எல்என்பில இருந்து இறங்கற சிக்னல் 950-ல ஆரம்பிச்சு 2150 வரைக்கும், அதனால அது வழியா ஒழுங்கா வராது. அதைவிட முக்கியம், எல்என்பிக்கு கரண்டே பாக்ஸ்ல இருந்து இதே வயர்லதான் மேலே போகுது, 13 இல்லாட்டி 18 வோல்ட். அந்த டப்பா அதை மறிச்சுரும். எல்என்பி உயிரே இல்லாம உக்காந்திருக்கும், அதான் ஸ்ட்ரெங்த்தும் பூஜ்யம். பாக்ஸை அணைச்சுட்டு டப்பாவைக் கழட்டுங்க, மாடி வயரையும் ஹால் வயரையும் ஒரு ஜாயின்டர் போட்டு நேரா சேருங்க. நடு கம்பியும் வெளி வலையும் ஒட்டிக்காம பாத்துக்குங்க, ஒட்டினா பாக்ஸ் போனாலும் போயிரும். டிஷ்ஷைப் பழைய இடத்துக்குத் திருப்ப அவரையே கூப்பிட்டுருங்க.

மொட்டைமாடி:
நானும் ஸ்பிளிட்டரைத்தான் அடுத்ததா கேக்க இருந்தேன். ரெண்டு டிவின்னா இரட்டை எல்என்பி போட்டு, ஒவ்வொரு டிவிக்கும் தனி வயர் இழுக்கறதுதான் சரி.

ஆழியாறு:
இருந்தீங்க, இருந்தீங்க.

புதுவீடு_சித்தூர்:
வந்துருச்சுங்க. டிடி தமிழ், டிடி மலையாளம் ரெண்டும். பெட்ரூம் டிவி அப்புறம் பாத்துக்கறேன். நன்றிங்க.

கம்பி_ஆன்டெனா:
சந்தோசம். ஆனா கொடைக்கானலை மூடினதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலீங்க.

குமுளி_ஏலம்:
எனக்கும் இதே பிரச்சனை. ஃப்ரீ டிஷ் வரல. என்ன பண்றது?

மொட்டைமாடி:
ஸ்ட்ரெங்த்தா, குவாலிட்டியா? தனிப் பதிவாப் போட்டுக் கேளுங்க.