பழைய ஐ8 ஒன்று கல்லடிக்குச் சரிவருமா?

வாவிக்கரையான் (கல்லடி, மட்டக்களப்பு):
எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு பி.எம்.டபிள்யூ ஐ8 விலைக்கு நிற்கிறது, பெற்றோலிலும் ப்ளக்கில் ஏற்றும் மின்சாரத்திலும் ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார். 2015ஆம் ஆண்டுக் கார், 41,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, இரண்டு கை மாறியது. விலையைப் போட்டால் எல்லாரும் அதையே பிடித்துக்கொள்வீர்கள் என்பதால் போடவில்லை. கடற்கரைப் பக்கம் ஒரு நல்ல வளவு வாங்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு 44 வயது. பதினாறு வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்து பாசிக்குடாவில் ஆறு அறையோடு ஒரு விடுதி நடத்துகிறேன். வீட்டிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர். கிழமையில் நாலு நாள் போய் வருவேன். வீட்டில் வான் ஒன்று இருக்கிறது, அதனால் இது குடும்பத்துக்கான கார் இல்லை. எனக்கு ஆசை, மறைக்கவில்லை.

போன கிழமை அதில் ஏறி இருந்து பார்த்தேன். கதவு மேலே எழும்பியதும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுத்தப் படி, காபன் இழை தெரிய. அதைத் தாண்டி முதலில் உட்கார்ந்து, மறுகா காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. மனைவி வெளியே நின்று சிரித்தாள். சொல்லுங்கள், வாங்கலாமா?

கராஜ் சித்தப்பா (கல்முனை):
தம்பி, வேண்டாம். பதினைந்து வருடமாக ஹைபிரிட் வேலை செய்கிறேன். இந்தக் கரையோரத்தில் ஓடுகிற ஜப்பான் ஹைபிரிட் எல்லாம் என் கை பட்டவை என்று சொன்னால் பெரிய பொய்யில்லை. ஆனால் ஒரு ஐ8-ஐ நான் தூக்கிப் பார்த்ததில்லை. என் முதல் வாதமே அதுதான். நான் பார்க்கவில்லை என்றால் பொத்துவில் வரைக்கும் யார் பார்த்திருப்பார்கள்?

அது ஒரு கார் இல்லை, இரண்டு. பின்னால் 1499 சீசீ, மூன்று சிலிண்டர், டர்போ எஞ்சின், 231 குதிரை வலு, ஆறு கியர். முன்னால் 131 குதிரை வலு மின்மோட்டார், அதற்குத் தனியாக இரண்டு கியர். நடுச்சுரங்கத்தில் உயர் வோல்ற் பற்றரி. மூன்றையும் பேச வைப்பது மென்பொருள். முன் பொனற்றை நீங்களாகத் திறக்கவே முடியாது, கராஜில் கழற்றித்தான் எடுக்க வேண்டும். என்ன பழுது என்று அறியவே லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். முந்நூறு கிலோமீற்றர்!

லண்டன் மருமகன்:
சித்தப்பா சொல்வதில் பாதி சரி. நான் நாலு வருடமாக 2016 ஐ8 வைத்திருக்கிறேன், சொந்த ஊர் ஆரையம்பதி. எஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம். அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினின் குடும்பம் மினியிலும் சாதாரண பி.எம்.டபிள்யூக்களிலும் ஓடுகிறது, தெரிந்தவர்கள் நிறையப் பேர். பற்றரியும் ஒரே கட்டி இல்லை, தொகுதி தொகுதியாகக் கழற்றக் கூடியது.

அண்ணே, நீங்கள் கவனிக்க வேண்டியது மின்சாரத்தில் மட்டும் ஓடுகிற தூரம். 2018க்கு முந்திய கார்களில் பற்றரி 7.1 கிலோவாற்று மணி, அதில் பாவிக்கக் கிடைப்பது 5.2 தான். ஐரோப்பியச் சோதனையில் 37 கிலோமீற்றர் என்றார்கள், அமெரிக்க அரசுச் சோதனையில் 15 மைல், அதாவது 24. அமெரிக்கக் கணக்கை நம்புங்கள். 2018இல் 11.6 ஆக்கினார்கள், உங்கள் கார் அதற்கு முந்தியது.

டிராக்டர்காரன் (படுவான்கரை):
அப்போ கரண்ட் சித்தாண்டி முருகனைக் கும்பிட்டதும் முடிஞ்சிடும். கிரானுக்குப் பெற்றோலில் போகலாம். 😄

கராஜ் சித்தப்பா:
பார்த்தீர்களா, டிராக்டர்காரனுக்கே விளங்குகிறது. பாதி வழிக்கு மின்சாரம், மீதிக்குப் பெற்றோல் என்றால் என்ன மிச்சம்? மருமகன் லண்டனில் இருந்து சொல்கிறார். அங்கே தெருவுக்கு ஒரு கராஜ், கார்த்திகை மழை வந்தால் கிட்டங்கியில் றோட்டுக்கு மேலால் ஆறு ஓடாது. 2011 தையிலும் 2024 கார்த்திகையிலும் இங்கே தண்ணீர் எவ்வளவு வந்தது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

லண்டன் மருமகன்:
சித்தப்பா, 2011இல் நான் ஊரில்தான் இருந்தேன். முழங்கால் தண்ணீரில் வீட்டுச் சாமானை மேசைக்கு மேல் ஏற்றிய ஆள் நான். வெள்ளத்தில் எந்தக் காரையும் விடக் கூடாது, உங்கள் ஜப்பான் ஹைபிரிட்டையும்தான். மிச்சம் பிடிக்க யாரும் ஐ8 வாங்குவதில்லை. அண்ணே ஆசை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

காத்தான்குடிக் காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பேரீச்சை மரத்துக்குக் கீழே வாகனம் வாங்கி விற்கிறவன் நான், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் கழித்துக் கேளுங்கள். வெளிநாட்டில் இந்தக் கார் வருடா வருடம் விலை இறங்குகிறது. எங்கள் நாட்டுக் கணக்கு வேறு. வரி எஞ்சின் சீசீயைப் பார்த்துக் கூடுகிற நாட்டில் 1499 சீசீயோடு இப்படி ஒரு உருவம் கிடைத்தது சும்மாவா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதே வருடத்தோடு ஐ8 தயாரிப்பும் முடிந்தது. 2025 மாசியில் மறுபடி திறந்தாலும் மூன்று வயதுக்கு மேற்பட்ட கார் வராது. நாட்டில் இருக்கிறவைதான் இருக்கிறவை. தம்பி நல்லதாக ஒன்று எடுத்து மூன்று வருடம் வைத்திருந்தால் பெரிதாக நட்டப்பட மாட்டார்.

இன்னொன்று. 2022இல் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வரிசையில் நின்றோமே? அப்போது ப்ளக் வைத்தவன் சிரித்தான்.

கராஜ் சித்தப்பா:
காக்கா, அதே வருடம் பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ப்ளக்கை வைத்துக்கொண்டு எதைச் சிரித்தான்?

நாட்டில் இனி வராது என்கிறீர்கள் அல்லவா? பாகமும் அப்படித்தான். முன் சில்லுக்கு 195/50, பின் சில்லுக்கு 215/45, இரண்டும் 20 இஞ்சி ரிம். அந்த டயரை மட்டக்களப்பில் எந்தக் கடையில் கேட்பீர்கள்? மேலதிகச் சில்லும் கிடையாது, பசை ஊற்றி அடைக்கிற போத்தல்தான். ஏறாவூரில் ஆணி ஏறினால் ஏறாவூரிலேயே இருக்க வேண்டியதுதான்.

மின்கம்பி அக்கா (மட்டக்களப்பு நகர்):
ஆண்கள் எல்லாரும் சில்லையும் குதிரையையும் பேசுகிறீர்கள். வீட்டில் மண் கம்பி, அதான் எர்த், சரியாக இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

நான் வீடுகளுக்கு வயரிங் பரிசோதிக்கிறவள். கடற்கரை மணலில் அடித்த மண் கம்பி பாதி வீடுகளில் பெயருக்குத்தான் இருக்கிறது. மேல்மணல் காய்ந்தால் தடை ஏறிவிடும், உப்புக் காற்றில் பிடிப்பு ஆணி பச்சை பூத்துவிடும். பிரிட்ஜும் டீவியும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடும். காரின் சார்ஜ் கேபிள் மண் கம்பி இல்லை என்று கண்டால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அப்போது கார் பழுது என்று கொழும்புக்குப் போன் போடுவீர்கள். ஆழமாக இரண்டு கம்பி அடித்து, தனி பிரேக்கரோடு ஒரு இணைப்பு இழுத்துக்கொள்ளுங்கள். 3.7 கிலோவாற்றுக்கு மேல் கார் இழுக்காது, 30 அம்பியர் வீட்டு இணைப்பே போதும். முழுச் சார்ஜுக்கு ஆறேழு யுனிற். மூன்று மணித்தியாலம் போதும். விரைவுச் சார்ஜ் அந்தக் காருக்குக் கிடையாது, அதைத் தேடி அலையாதீர்கள்.

விடுதியிலும் இதே போல் ஒன்று போட்டால் சித்தாண்டிக் கதை பாதி தீர்ந்துவிடும். போகும்போது ஒரு சார்ஜ், வரும்போது ஒரு சார்ஜ்.

வாவிக்கரையான்:
அக்கா, நன்றி. இது மண்டையில் ஏறவே இல்லை. விடுதியில் குளிரூட்டி பூட்டும்போது மண் கம்பி புதிதாக அடித்தோம், வீட்டில்தான் சந்தேகம்.

சித்தப்பா கோபிக்க வேண்டாம். கடல் காற்று பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? எனக்கு அதுதான் பெரிய பயம். என் வான் அடிப்பக்கம் ஆறு வருடத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

லண்டன் மருமகன்:
கடல் காற்றுக்கு இந்தக் கார் மற்றவற்றைவிடத் தேவலை. வெளித்தகடு பிளாஸ்ரிக், ஆட்கள் இருக்கிற கூடு காபன், முன்பின் சட்டம் அலுமினியம். துருப்பிடிக்கத் தகடே குறைவு. ஆனால் பிறேக் டிஸ்க்கைப் பாருங்கள். மெதுவாக நிறுத்தும்போது மோட்டாரே வேகத்தை இழுத்துப் பற்றரிக்கு அனுப்புவதால் டிஸ்க் அதிகம் உரசாது, அதனால் துரு அப்படியே படிந்து நிற்கும். சில்லின் ஆரங்களுக்கு இடையால் டோர்ச் அடியுங்கள். பளபளப்பு முழு அகலத்துக்கும் இல்லாமல் நடுவில் ஒரு கீற்று மட்டும் இருந்தால் மாற்றச் செலவை விலையில் கழியுங்கள்.

மறுகா இதைச் செய்யுங்கள். முதல் நாள் இரவே முழுச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். காலையில் மின்சாரத்தில் மட்டும் ஓட வைக்கிற ஈடிரைவ் பொத்தானை அமத்தி, குளிரூட்டியைப் போட்டு, ஐம்பதில் ஓட்டுங்கள். எஞ்சின் தானாக எழும்பும் வரை எத்தனை கிலோமீற்றர் என்று எழுதுங்கள். 18க்கு மேல் என்றால் பத்து வயதுப் பற்றரிக்கு நல்லது. 12க்குக் கீழ் என்றால் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். குளிரூட்டி நன்றாகக் குளிர வேண்டும், பற்றரியின் சூட்டைத் தணிப்பதும் அந்தத் தொகுதிதான்.

பெற்றோல் மூடியையும் திறந்து பாருங்கள். தாங்கி அமுக்கத்தில் இருக்கும். உள்ளே பொத்தானை அமத்திக் கொஞ்சம் காத்திருந்தால்தான் மூடி திறக்கும். அந்த அமுக்க உணரி பழுதான கார்களில் மூடி திறக்காமல் அடம் பிடிக்கும். விற்கிறவர் 'இப்போதுதான் அடித்தேன், தாங்கி நிறைந்திருக்கு' என்றால் கட்டாயம் திறக்கச் சொல்லுங்கள்.

டிராக்டர்காரன்:
சாமான் வைக்க இடம் எவ்வளவு?

லண்டன் மருமகன்:
154 லீற்றர். எஞ்சினுக்குப் பக்கத்தில், கொஞ்சம் சூடாகும்.

டிராக்டர்காரன்:
எருமைத் தயிர்ச் சட்டி வைக்க ஏலாது. கார் தோல்வி.

காத்தான்குடிக் காக்கா:
சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள் தம்பி. முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி பெயர் இன்னும் நின்றால் பணத்தைக் காட்டாதீர்கள். ஓபன் பேப்பரில் வருகிற கார் என்றால் இரண்டாவது கையும் தன் பெயருக்கு மாற்றவில்லை என்று அர்த்தம்.

கராஜ் சித்தப்பா:
சரி, கடைசியாக ஒன்று. ப்ளக் வைத்த கார்தான் வேண்டுமென்றால் மிற்சுபிசி அவுட்லேண்டர் பீஎச்ஈவீ இருக்கிறது. 12 கிலோவாற்று மணிப் பற்றரி, நாலு சில்லும் இழுக்கும், உயரமும் இருக்கிறது, குடும்பத்தோடு போகலாம், நானும் பார்த்துத் தருவேன். ஐ8 தரையிலிருந்து 117 மில்லிமீற்றர். நாலரை இஞ்சிக்கு ஒரு நூல் கூட. உங்கள் ஒழுங்கைக்குள் அது போகுமா?

வாவிக்கரையான்:
சித்தப்பா, அவுட்லேண்டர் நல்ல வண்டிதான். ஆனால் அதில் ஏறும்போது யாரும் சிரிக்க மாட்டார்களே. 117 கதை மட்டும் உறுத்துகிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு மதகு, நடுவில் முதுகு கிளம்பி நிற்கும். வாகனம் இல்லாமல் எப்படி அளப்பது?

டிராக்டர்காரன்:
இது சுலபம் அண்ணே, வரம்பு நேர் பிடிக்கிற வேலைதான். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைவெளி எவ்வளவு?

லண்டன் மருமகன்:
2.8 மீற்றர். ஒன்பது அடி இரண்டு இஞ்சி.

டிராக்டர்காரன்:
இரண்டு தடி எடுங்கள். அடியிலிருந்து நாலரை இஞ்சியில் அடையாளம் போட்டு, ஒன்பது அடி இரண்டு இஞ்சிக்கு நைலோன் கயிறு கட்டுங்கள். ஆளுக்கொரு தடியாகச் செங்குத்தாகப் பிடித்து, கயிறு தொய்யாமல், வாசலில் இருந்து பெரிய றோட்டு வரை நடங்கள். கயிறு எங்கே தரையைத் தொடுகிறதோ அங்கே காரின் வயிறு தொடும். மூக்கு வேறு கதை, அது சில்லுக்கு முன்னால் நீட்டி நிற்கும். வயிற்றைப் பற்றிச் சொல்ல இது போதும்.

கராஜ் சித்தப்பா:
மூன்று நாளாக நாங்கள் எழுதியதில் உருப்படியான பேச்சு இதுதான்.

வாவிக்கரையான்:
இன்று பின்னேரம் மகனும் நானும் கயிறு பிடித்தோம். தெருவே பார்த்தது. வாசல் ஏற்றத்தில் ஒரு விரல் இடைவெளி. கோயில் வளைவில் பிரச்சினை இல்லை. மதகில் ஏறி நடுவுக்கு வந்ததும் கயிறு கொங்கிறீட்டில் உரசி, மகனின் கையில் தடி சாய்ந்தது. மூன்று தரம் பிடித்தோம், மூன்று தரமும் அப்படித்தான்.

கராஜ் சித்தப்பா:
முடிந்தது.

காத்தான்குடிக் காக்கா:
என்ன முடிந்தது? மதகுக்கு இரண்டு பக்கமும் ஒரு லோட் கிரவல் போட்டுச் சரிவை நீட்டினால் கயிறு எழும்பும். அதைப் போடக் கூடிய ஆள் அவருக்குப் பக்கத்திலேயே டிராக்டரோடு இருக்கிறார்.

டிராக்டர்காரன்:
கிரவல் மழைக்குக் கரைஞ்சு வாய்க்காலுக்குள் போயிடும் காக்கா. கொங்கிறீட்தான் போட வேண்டும். அதுக்குப் பிரதேச சபையோ மாநகர சபையோ, யாருடைய மதகு என்று முதலில் கேளுங்கள்.

வாவிக்கரையான்:
மதகை இன்னும் விடவில்லை. சில்லு இரண்டையும் நேராக ஏற்றாமல் சரித்து, ஒரு பக்கமாக எடுத்தால் எப்படி இருக்கும் என்று மகன் கேட்கிறான். நாளைக்குக் காலையில் மறுபடி கயிறு பிடிக்கிறோம். கொழும்புக்காரருக்குச் சனிக்கிழமை வருகிறேன் என்றும், வெள்ளி இரவு முழுச் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லியும் செய்தி அனுப்பிவிட்டேன்.