முடிச்சூர்: மூடுகால்வாயை நம்பலாமா, வீட்டைத் தூக்கலாமா?

முடிச்சூர்க்காரன்:
சென்னைத் தாம்பரம் அருகே முடிச்சூரில், அடையாற்றிலிருந்து ஐந்து தெரு தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. 2015 டிசம்பரில் ஜன்னலின் மேல்விளிம்பு வரை தண்ணீர் ஏறியது. பூஜை அறைக் கதவில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. பெயின்ட் அடிக்க அம்மா விடுவதில்லை. அதற்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரையை உயர்த்தினார்கள், வெள்ளநீரைக் கொண்டுபோக, மேலே மூடிய மூடுகால்வாய் கட்டினார்கள். 2021இல் முழங்கால் அளவு வந்தது. 2023 மிக்ஜாம் புயலில் மூன்றாவது படியோடு நின்றுவிட்டது. இது வேலையின் பலனா, மழையின் கருணையா? ஜாக்கி வைத்து வீட்டை மூன்றடி தூக்குவதற்கு ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும். பொறுத்திருக்கலாமா?

வரதராஜபுரம் அக்கா:
தூக்கிவிடுங்கள் தம்பி. ஆற்றுக்குக் கரை கட்டுகிறார்கள், சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டதில், எங்கள் வாசல் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. ஒரு மணி நேர மழைக்கே குளம்தான். இதற்கு ஆறு எதற்கு?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
வெள்ளத்துக்குப் பலரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திட்டுகிறார்கள். அதன் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேருகிறது. ஆற்றின் போக்கில் முடிச்சூர் அந்த இடத்துக்கு மேலே இருக்கிறது. உங்களுக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் ஏரிகளின் தண்ணீர். அதைத் திருப்பத்தான் மூடுகால்வாய், பலன் இருக்கிறது. ஆனால் உங்கள் தெரு வடிகால் ஆற்றில் இறங்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே அடைப்புக் கதவு இருக்கிறதா? இல்லையென்றால், ஆறு உயர்ந்ததும் அதே வடிகால் வழியாகத் தண்ணீர் உங்கள் தெருவுக்குள் திரும்பி வரும். கரை எவ்வளவு உயரமானாலும் பயனில்லை.

முடிச்சூர்க்காரன்:
ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன், ஐயா. கதவு இருக்கிறது. திருகும் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. சாவி யாரிடம் என்று இரண்டு அலுவலகங்களில் கேட்டேன். முதல் அலுவலகம் இரண்டாவதைக் காட்டியது, இரண்டாவது முதலாவதைக் காட்டியது. நடுவில் தேநீர் மட்டும் நன்றாக இருந்தது.

ஜாக்கி ஆளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். தூக்கிய பிறகும் பூஜை அறைக் கதவை மாற்றக் கூடாது என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை.