4கே திரையை 2560 × 1440 என்று உலாவி காட்டுவது ஏன்?

கேள்வி: விண்டோஸ் 11 கணினியில் 27 அங்குல 4கே திரையை இணைத்திருக்கிறேன். செட்டிங்ஸில் 3840 × 2160 என்று இருக்க, உலாவியில் சோதிக்கும் தளங்கள் 2560 × 1440 என்கின்றன. எதை நம்புவது?

மறுமொழி 1: இரண்டும் சரியே. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்று சென்று 'ஸ்கேல்' எவ்வளவு என்று பாருங்கள். 150 விழுக்காடாக இருக்கும். எழுத்துகள் படிக்கும் அளவில் இருப்பதற்காக விண்டோஸ் அனைத்தையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்குவதால், 3840-ஐ 1.5-ஆல் வகுத்து வரும் 2560-ஐயே உலாவி அகலமாகச் சொல்கிறது. திரையின் புள்ளிகள் எதுவும் வீணாவதில்லை.

மறுமொழி 2: அங்கேயே 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'யையும் திறந்து பாருங்கள். திரைக்குச் செல்லும் சிக்னலின் உண்மையான அளவு அதில்தான் தெரியும். அங்கே 30 ஹெர்ட்ஸ் (படம் நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது) என்றிருந்தால், கணினியையும் திரையையும் இணைக்கும் எச்டிஎம்ஐ இணைப்பு பழைய 1.4 வகையாக இருப்பது காரணமாக இருக்கலாம்.

கேட்டவர்: ஸ்கேல் 150 தான். 100-க்கு மாற்றியதும் உலாவியும் 3840 என்றது. ஆனால் எழுத்துகள் எறும்புபோல் ஆகிவிட்டதால் மீண்டும் 150-க்கே மாற்றிவிட்டேன். நன்றி.